செண்பகம் கழுவிய வீடுகள்

தியாகராய நகரில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெளியே செண்பகமும் உள்ளே என் அம்மா தங்கபுஷ்பமும் நின்று பேசியது 1969ஆம் ஆண்டு மார்கழி மாதம். பொங்கலுக்கு முன் வீட்டை மொத்தமாகக் கழுவித் தர ஆட்கள் வேண்டும் என்று வீட்டுத் தரகர் மெஹபூப் அலியிடம் அப்பா சொல்லியிருந்தார். அவர் அனுப்பி வந்தவள் செண்பகம். முப்பத்தைந்து வயதிருக்கும். கேட் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் மாடியைப் பார்த்தபடி பேச்சைத் தொடங்கினாள்.

"எத்தினி ரூமு?"

"மேல நாலு, கீழ அஞ்சு. எண்ணிப் பாத்துட்டுத்தான் வருவியோ?"

"எண்ணாம எப்டிம்மா? ஆறு பொம்பளைங்கள இட்டாரணும். காலீல ஏயு மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் அஞ்சுக்கு முட்சிடுவோம். அப்பால உங்க வூட்ல நீயே வயுக்கி வியணும், அவ்ளோ பளபளப்பா இருக்கும்னு வெச்சிக்க."

"வீட்டுக்காரி வழுக்கி விழுந்தா ஒனக்குச் சந்தோசமோ?"

"சொம்மா சொன்னேம்மா. அதுக்கேன் மொகத்த அப்டி வெச்சிகினு கீற?"

அம்மாவிடம் அந்த வாசலில் யாரும் ஒருமையில் பேசியதில்லை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். உஸ்மான் ரோட்டில் அப்பா அய்யாதுரையும் பெரியப்பா கனகராஜும் சேர்ந்து பாத்திரக்கடை வைத்திருந்தார்கள். கடைப் பையன்கள் அம்மாவைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள்.

"ஏளா, மரியாதையாப் பேசிப் பழகு" என்றாள் அம்மா.

"எங்க பேச்சு இப்டித்தான். நீங்க ஏளா வாளான்றீங்க, நான் இன்னா கோச்சிகினேனா?"

செண்பகம் அத்தோடு விடவில்லை.

"முன்னாடியே சொல்லிடறேன். வேல நடக்கசொல்ல புதுசா வேல வெக்கக் கூடாது. கெணத்தடியத் தேய்ச்சுடு, கொல்லப் பக்கம் ஒரு கை பாருன்னா, அத்தினி பேரும் குந்திப்போம். தண்ணி குடிக்க லோட்டா நாங்களே கொண்டாருவோம். எங்களுக்குன்னு ஒரு நசுங்குன டம்ளரத் தேட வேணாம். அன்னிக்கு உங்க வூட்டு வேலக்காரிக்கு லீவு குடுக்காத. அவ கண்ணு முன்னால வேல நடக்கணும். இல்லாங்காட்டி நாங்க போனப்பறம் கெட்டுப்போனதுல்லாம் எங்க தலைல கட்டுவா."

"கண்டிசன் போடுதியே, வேலைக்கு வந்தவளா, சம்பந்தம் பேச வந்தவளா?"

"சம்பந்தம்னா சுளுவா முட்சிடலாமே. இது வூடு கயுவற வேலம்மா, ரொம்ப பேஜாரு. இன்னும் ஒண்ணு கீது. நாங்க வர அன்னிக்கு வூட்டவுட்டு யாரும் பயணம் போவக் கூடாது. போறதானா மொத நாளே சொல்லி அனுப்பு. வேற நாளு வரோம்."

அம்மா முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "இதெல்லாம் ஒனக்குத் தெரிஞ்சிருக்கு?" என்றாள்.

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? பொணம் போனாலும் தண்ணி ஊத்தறோம், பொங்கலுக்கும் தண்ணி ஊத்தறோம். தண்ணி ஒண்ணுதான். எதுக்கு எதுன்னு நான்தான பாத்துக்கணும்?"

பேச்சு அங்கே முடிந்தது. அம்மா கேட்டைத் திறந்தாள்.

ஒருவர் பயணம் கிளம்பிய உடனே வீட்டைப் பெருக்கக் கூடாது, கழுவவே கூடாது என்பது எங்கள் பக்கத்திலும் உண்டு, சென்னையிலும் உண்டு. போனவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று தோன்றும்வரை அம்மா வாரியலைத் தொட மாட்டாள். ஆள் வாசலைத் தாண்டிய சூட்டோடு தண்ணீர் ஊற்றிக் கழுவுவது பிணம் எடுத்த வீட்டில்தான். செண்பகம் இதை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அவளைக் கூலிக்கு அழைத்தவர்கள் நம்பினார்கள். அவளுக்கு அது போதும். எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "வூட்லேர்ந்து யாரும் கெளம்பலயே?" என்று உரக்கக் கேட்பாள். இல்லை என்ற பதில் காதில் விழுந்த பிறகுதான் வாளியை உள்ளே எடுத்துவரச் சொல்வாள். அதே காரணத்துக்காக, சாவு வீடுகளைக் கழுவப் போவதில்லை என்று வைத்திருந்தாள். அங்கே போன வாளியைக் கல்யாண வீட்டுக்காரர்கள் உள்ளே விட மாட்டார்கள்.

அவள் பிறந்தது சைதாப்பேட்டையில், அடையாற்றின் கரையிலிருந்த குடிசைகளில். அவளுடைய தாய் ஏழு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள். செண்பகமும் பத்து வயதில் அதற்குத்தான் போனாள். இருபது வருடம் தேய்த்தாள். பிறகு ஒரு நாள் மெஹபூப் அலி, குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போன ஒரு வீட்டைச் சுத்தம் செய்யச் சொன்னார். இரண்டு பெண்களை அழைத்துப் போய் ஒரே பகலில் முடித்தாள். அன்று மாலையே அந்த வீட்டுக்குப் புதுக் குடித்தனம் பேசி முடிந்தது. அதிலிருந்து பாத்திரம் தேய்க்கும் வேலையை விட்டாள். ஏன் விட்டாள் என்பதற்கு அவள் சொன்ன காரணம் சிறியது.

"தெனம் போனா தெனம் திட்டு. ஒரு நாளு போனா ஒரு நாளு திட்டு."

அந்த ஒரு நாள் திட்டையும் குறைக்க அவள் ஒரு முறை வைத்திருந்தாள். வேலை தொடங்கும் முன் வீட்டுக்காரியையும் வேலைக்காரியையும் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போவாள். ஏற்கெனவே உடைந்தது, விரிந்தது, கறையேறியது எல்லாவற்றையும் விரலால் தொட்டு, தெருவுக்குக் கேட்கும்படி சொல்வாள். எங்கள் வீட்டில் அந்தச் சுற்றுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

"பீரோ கண்ணாடில மூலைல கீறல். பாத்துக்கினியா? இந்த நாற்காலிக்கு ஒரு காலு ஆடுது. மொசைக்ல காப்பி கொட்டிக் கறை, இது போவாது, இப்பவே சொல்லிட்டேன். சாமி ரூம் சொவுரு உப்பு பூத்துகீது. இந்தப் பொம்மைக்குக் காது இல்ல."

"அதுக்குக் காது போயி பத்து வருசமாச்சு" என்றாள் அம்மா.

"ஆச்சுல்ல? இதோ, உங்க வேலக்காரி கேட்டுகினா."

வேலைக்காரி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்தின் சமையலறையில் ஓட்டைக் குடம் மூன்று இருந்ததையும் அன்று அந்தத் தெரு கேட்டது. அம்மா ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தாள். ஆனால் வேலை முடிந்த பிறகு, உடைத்துவிட்டாய் என்று செண்பகத்திடம் சொல்ல ஒரு பொருள் கூட மிஞ்சவில்லை. அடுத்த பொங்கலுக்கும் அவளையே அழைத்தாள். வேறு யாரும் சிமெண்ட் தரைக்கு ஒன்று, மொசைக்குக்கு ஒன்று என்று சோடாவையும் தேங்காய் நாரையும் பிரித்து உபயோகிக்கவில்லை. எங்கள் உறவுக்காரர் வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவளிடம் போயின. எல்லோரும் ஒரே ஊர்ப்பக்கத்தவர்கள், ஒரே கடைத்தெருவில் தொழில் செய்பவர்கள். ஒருத்தி வீடு மின்னினால் மற்றவளுக்குப் பொறுக்காது.

எங்கும் அவளை யாரும் விரும்பியதில்லை. வீட்டு வேலைக்காரிகள் அவளைக் கண்டால் காறித் துப்பினார்கள். வருடம் முழுக்க அவர்கள் ஒளித்து வைத்த அழுக்கை அவள் ஒரே பகலில் வெளியே இழுத்துப் போட்டாள். அதற்கும் ஒரு வழி செய்தாள். பரணிலிருந்து இறங்கும் பழைய தகரம், பாட்டில், கிழிந்த பாய் ஆகியவற்றில் முதல் பங்கு அந்த வீட்டு வேலைக்காரிக்கு. அவள் எடுத்தது போகத்தான் மற்றவர்களுக்கு. வீட்டுக்காரிகள் அவளுடைய ஆட்களில் கை சுத்தமான பெண்ணாகப் பார்த்து, நிரந்தர வேலைக்கு வருகிறாயா என்று கொல்லைப்புறத்தில் ரகசியமாகக் கேட்பார்கள். அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு வருடம் போனவளை மறுவருடம் அனுப்ப மாட்டாள். எல்லா வீட்டுக்கும் தவறாமல் போனவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி செண்பகம். இன்னொருத்தி ரத்னா, அவளுடைய நாத்தனார். கணவன் கோதண்டபாணி ரிக்ஷாவில் ஏணியையும் வாளிகளையும் ஏற்றிவந்து இறக்கிவிட்டுப் போவான். அவனையும் அவள் திட்டிக்கொண்டேதான் இருப்பாள்.

எனக்கு அவளைப் பிடித்ததில்லை. அவளுக்கும் என்னை. நான் அதிகம் பேசாதவள். மாடியில் தமிழும் ஆங்கிலமுமாகப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் அறைக்குள் வந்ததும், "இத்தினி பொஸ்தகம் கீதே, ஒண்ணுலயாவது எயுந்து வயி உடுன்னு எய்தலயா பாப்பா?" என்பாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து போவேன். "ஊமக்கோட்டான்" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது காதில் விழும். சொல்வது விழ வேண்டும் என்றே சொல்வாள்.

1974ஆம் ஆண்டு ஜனவரியில், பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது நடந்ததை இனி சொல்ல வேண்டும்.

கீழ்த்தளத்தில் பெரியப்பா குடும்பம் இருந்தது. பெரியப்பாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி. அறுவைச் சிகிச்சையைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் முடிவு. திங்கட்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து, படுக்கை ஒன்று காலியாக இருக்கிறது, நாளைக் காலையே வந்து சேருங்கள் என்று தகவல் வந்தது. செவ்வாய்க்கிழமை செண்பகத்தின் ஆட்கள் வருவதாக இருந்தது. அது யாருக்கும் நினைவில்லை. காலை ஏழு மணிக்கு முன் பெரியப்பா, பெரியம்மா சுந்தரவல்லி, அவர்கள் மகள், அப்பா, அம்மா எல்லோரும் இரண்டு டாக்ஸிகளில் கிளம்பினார்கள். எனக்குப் பதினோரு மணிக்குக் கல்லூரி. வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். வேலைக்காரிக்கு அன்று காய்ச்சல்.

பெரியப்பா மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். தகப்பனுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். அதனால் அம்மா டாக்ஸியில் ஏறும்போது என் கையைப் பிடித்துச் சொன்னாள். "ஏட்டி, யாரு கேட்டாலும் பெரியப்பா கடைக்குப் போயிருக்காவன்னு சொல்லு. ஆஸ்பத்திரிங்கிற வார்த்த ஒன் வாயில வரக் கூடாது."

டாக்ஸிகள் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். கோதண்டபாணியின் ரிக்ஷா வந்து நின்றது. செண்பகம் கேட்டுக்கு வெளியே நின்றாள். பின்னால் ரத்னாவும் மற்ற பெண்களும் வாளிகளோடு.

"அம்மா எங்க?"

"கோயிலுக்கு" என்றேன்.

"இந்நேரத்துக்கா? சரி. வூட்லேர்ந்து யாரும் கெளம்பலயே?"

அவளைத் திருப்பி அனுப்பினால் காரணம் கேட்பாள். காரணம் சொல்ல எனக்கு அனுமதியில்லை. அவள் கேட்கும் விதமும் எனக்கு ஆகாது. எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி கேட்பாள்.

"யாரும் போகல" என்றேன்.

"நல்லாக் கேட்டுகினு சொல்லு பாப்பா. யாரும் போகல?"

"போகல. ஆரம்பிங்க."

வேலைக்காரி இல்லாததால், உடைந்ததைத் தொட்டுக் காட்டும் சுற்றை அன்று என்னை வைத்தே முடித்தாள். முதல் வாளித் தண்ணீரைக் கீழ்க்கூடத்தில் ஊற்றியவள் ரத்னா. நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பத்து மணிக்கு மேல் பெரியம்மா போர்வை எடுத்துப் போக டாக்ஸியில் திரும்பி வந்தாள். கேட்டைத் தாண்டித் தெருவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் நான் கீழே ஓடிவந்தேன். பெரியம்மா வாசற்படியில் கால் வைக்காமல் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! எம் புருசன் உசுரோட இருக்கையிலயே வீட்டக் கழுவி விட்டுட்டியே! நீ வெளங்குவியா?"

இரண்டு கையிலும் நுரையோடு செண்பகம் வெளியே வந்தாள். "இன்னாம்மா சொல்ற? யாரு எங்க போனாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு, ஆப்பரேசனுக்குப் போயிருக்காவ! அவிய தெருமுனை தாண்டல, நீ தண்ணிய ஊத்திட்டியே!"

செண்பகம் என் பக்கம் திரும்பினாள். அவள் குரல் தாழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "பாப்பா, நான் கேட்டனா இல்லியா?"

நான் ஈரத் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டு தபா கேட்டனே. சொல்லேன்."

"சின்னப்பிள்ள மேல பழியப் போடாத!" என்று பெரியம்மா கத்தினாள். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு இது கூடத் தெரியாதா? அது படிச்ச பிள்ள. வெளிய போங்க, அத்தன பேரும்!"

ஏணியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு அவர்கள் போனார்கள். பாதி தரை நுரையோடு கிடந்தது. அதைத் துடைக்கவும் பயம், விடவும் பயம். சாயங்காலம் அம்மா வந்ததும் மாடிக்கு வந்து கேட்டாள். "அவ கேட்டாளாட்டி?"

"நான் மாடியில படிச்சுக்கிட்டிருந்தேன்" என்றேன். அது பொய்யல்ல என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் பெரியப்பா இறந்துபோனார். அவரைக் கொண்டுவந்து கிடத்தி, எடுத்துக்கொண்டு போன பிறகு, வழக்கப்படி பெண்கள் வீட்டைக் கழுவ எழுந்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, "அதான் ஏற்கனவே கழுவியாச்சே. இன்னும் என்னத்தக் கழுவப் போறிய?" என்றாள்.

பதினாறு நாளும் துக்கம் கேட்க வந்துகொண்டிருந்தார்கள். உஸ்மான் ரோடு, ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார், சைதாப்பேட்டை வரைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள். ஒவ்வொருவருக்கும் பெரியம்மா முதலிலிருந்து சொன்னாள். வந்தவர்கள் போகும்போது செண்பகத்தின் பெயரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பொங்கலுக்குக் கழுவ வேண்டிய வீடுகள் பாக்கியிருந்தன. ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. 'உயிரோடு கழுவினவள்' என்று அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஒரு வீட்டில், அவள் கேட்டருகே வந்து நின்றதற்கே பெண்பிள்ளைகள் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினார்களாம்.

பதினாறு முடிந்த மறுநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா கேட்டைத் திறக்கவில்லை.

"கயுவுனது நானு. கயுவச் சொன்னது யாருன்னு உம் பொண்ணக் கூப்புட்டுக் கேளு!"

"எம்மவ பொய் சொல்ல மாட்டா."

"அவ எங்க பொய் சொன்னா? அவதான் வாயே தொறக்கலயே! தொறந்தாத்தான பொய்யா நெஜமான்னு பாக்க!"

"போளா! செத்த வீட்டு வாசல்ல வந்து சண்ட போடுதியே, வெக்கமாயில்ல?"

"செத்த வூடா? செத்த வூட்டுக்கு நான் போறதில்லம்மா. பத்து வருசமா போனதில்ல. உங்க வூட்டால இனிமே அதான் போவணும்!"

கோபத்தில் சொன்னதுதான். அப்படியே நடந்தது. தியாகராய நகர் வீடுகளை ரத்னா எடுத்துக்கொண்டாள். "நான் அவ ஆளு இல்லம்மா. அன்னிக்கு நான் வேலைக்கே வர்ல" என்று வீடு வீடாகச் சொன்னாளாம். முதல் வாளியை ஊற்றியவள் அவள். செண்பகத்தின் பெண்களில் மூன்று பேரைத் தன்னோடு கூட்டிப்போனாள். ரத்னா வாசலில் நின்று எதையும் கேட்பதில்லை. உடைந்த சாமான்களைத் தொட்டுக் காட்டுவதுமில்லை. வீட்டுக்காரிகளுக்கு அது வசதியாக இருந்தது. அம்மாவும் இரண்டு வருடம் ரத்னாவைத்தான் அழைத்தாள். இரண்டாவது வருடம் ஒரு வெண்கலக் குத்துவிளக்கின் முகம் வளைந்துபோய், ரத்னா வளைத்தாளா முன்பே வளைந்திருந்ததா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை.

செண்பகம் மீதியிருந்த பெண்களோடு அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் போனாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. தெரியாதவளிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பவர்களும் இல்லை. கிடைத்தது சாவு வீடுகள்தான். பிணம் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போய்க் கழுவ வேண்டும். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் மெஹபூப் அலியின் கடைவாசலில் வாளிகளோடு உட்கார்ந்திருப்பார்களாம். அழுகிற வீட்டுக்குள் போய், கீறல் எங்கே, கறை எங்கே என்று சுற்றிவர முடியாது. அதனால் பழி தாராளமாக வந்தது. அவள் வாயும் முன்பைவிட மோசமாகிவிட்டது என்று மெஹபூப் அலி அப்பாவிடம் வருத்தப்பட்டார். "எழவு வீட்டுலயே சண்டை போடறா சார். 'அயுதது போதும், காலத் தூக்கு'ன்றா."

1976 மழையில் ஆற்றங்கரைக் குடிசைகள் மூழ்கின. அங்கிருந்தவர்களில் பலருக்கு ஊருக்கு வெளியே இடம் கொடுத்தார்கள். செண்பகத்தின் பெண்களில் ஐந்து பேர் அப்படிப் போனார்கள். வீடு வீடாக வேலை தேடி அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்துபோக அவர்களால் ஆகவில்லை. நிலையான ஓர் இடம் கிடைத்தால் ஒழிய அந்தக் கூட்டம் கலைந்துவிடும் என்ற நிலை.

அப்படி ஓர் இடம் வந்தது. 1977இல் தனபாலன் என்ற எங்கள் உறவுக்காரர் தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டி முடித்தார். கொத்தனார்கள் விட்டுப்போன சுண்ணாம்பும் சிமெண்டும் மொசைக்கில் இறுகிக் கிடந்தது. மேனேஜர் வெளியூர்க்காரர், பழைய கதை எதுவும் தெரியாதவர். மெஹபூப் அலி சொல்லி செண்பகத்தை அழைத்தார். ஒன்பது பேர் இரண்டு பகலில் அந்தத் தரையை முகம் பார்க்கும்படி ஆக்கினார்கள். இனி ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் பிறகு இவர்களே கழுவட்டும் என்று மேனேஜர் பேசி முடித்தார். திறப்பு விழாவுக்கு முன் தனபாலனின் மனைவி சரோஜாதேவி மண்டபத்தைப் பார்க்க வந்தாள். அவள் சுந்தரவல்லி பெரியம்மாவின் சித்தி மகள். தரையைப் பார்த்துவிட்டு, யார் கழுவியது என்று மகிழ்ச்சியோடு கேட்டாள். பெயரைக் கேட்டதும், கல்யாணம் நடக்கிற இடத்தில் அவள் நிழல் படக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அந்த மண்டபத்தை இன்று கழுவுவது ரத்னாவின் ஆட்கள். செண்பகத்தின் கூட்டம் அந்த வருடமே கலைந்தது. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று மெஹபூப் அலிக்கும் தெரியவில்லை. கொட்டிவாக்கம் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கடைசியாக அவளோடு பேசியதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நான் அபிராமபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். சரோஜாதேவி மறுத்த மறுநாள், பகல் உணவு இடைவேளையில், யாரோ ஒருத்தி கேட்டில் நின்று கத்துகிறாள், உங்களைக் கேட்கிறாள் என்று காவல்காரர் வந்து சொன்னார். போனேன். மூன்று வயது கூடியவள் போல் இல்லை, இருபது வயது கூடியவள் போல் இருந்தாள். காவல்காரரைத் தள்ளிப் போகச் சொன்னாள். அவர் போகவில்லை. நான் சொன்ன பிறகு போனார்.

"டீச்சராயிட்டியாமே. பசங்களுக்காவது வாயத் தொறந்து பாடம் சொல்லிக் குடுக்கறியா?"

"என்ன வேணும்?" என்றேன்.

"பயப்படாத. அடிக்க வர்ல. அடிக்கணும்னா அன்னிக்கே அடிச்சிருப்பேன். ஈரத் தொடப்பம் கைலதான இருந்துச்சு."

மண்டபத்தில் நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். பெண்கள் ஒன்பது பேரின் பெயரையும், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையும் வரிசையாகச் சொன்னாள். அவள் முறையிடுவது போல் சொல்லவில்லை. வேலை தொடங்கும் முன் கீறல்களைத் தொட்டுக் காட்டுவாளே, அதே குரலில் சொன்னாள். நான் கேட்டின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். உள்ளே மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

"உங்க பெரிப்பா எதனால போனாருன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அத்தப் பேச வேணாம்" என்றாள். "என்ன நல்லவன்னு சொல்லு, பாவம்னு சொல்லுன்னு கேக்கல. உன்னப் பத்தியும் நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நாளிக்கு சனிக்கெயமை, உனுக்கு இஸ்கூலு இல்ல. பத்து மணிக்கு அந்த சரோஜாதேவியம்மா மண்டபத்துக்கு வருது. நீ வந்து, அது எதிர்ல நின்னு, 'செண்பகம் வாசல்ல நின்னு கேட்டா, ரெண்டு தபா கேட்டா, நான்தான் யாரும் போகலன்னு சொன்னேன்'னு சொல்லிட்டுப் போயிடு. அத்தோட உட்டுடு. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லு. வருவியா?"